எனாக்சபாரின் 40 மில்லிகிராம் ஊசி: 251 நாள் போட்டுக்கொண்டவளின் மதிப்பீடு

நான் இங்கே மதிப்பிடுவது, ரத்தம் உறைந்து கட்டாமல் தடுக்கும் எனாக்சபாரின் என்னும் மருந்து 40 மில்லிகிராம் அளவில் ஏற்கெனவே நிரப்பப்பட்டு வரும் சிரிஞ்சு. 2021 ஏப்ரல் 1ஆம் தேதி இரவு தொடங்கி டிசம்பர் 8ஆம் தேதி வரை, பிரசவம் நடந்த ஒரு நாளைத் தவிர, நாளுக்கு ஒன்றாக 251 சிரிஞ்சுகளை வயிற்றிலும் தொடையிலும் போட்டுக்கொண்டேன். இரண்டு சிரிஞ்சு கொண்ட பெட்டிகளாக 127 பெட்டி வாங்கினோம். ஒரு சிரிஞ்சு தரையில் விழுந்து ஊசி வளைந்தது, இரண்டு மிஞ்சின. நான் மருத்துவர் அல்ல. ஆனால் இந்தப் பொருளை இத்தனை முறை கையில் எடுத்துப் பார்த்த வாடிக்கையாளர் எங்கள் ஊரில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்ற துணிவில் எழுதுகிறேன். மருந்தின் வேலையில் எனக்குப் பெரிய குறை இல்லை. அதைச் சுற்றி இருக்க வேண்டியவை, அதாவது விளக்கத் தாள், பாதுகாத்துக் கொடுத்தல், போட்டபின் கழித்தல் ஆகிய மூன்றும், விற்பவர்கள் பொறுப்பில் இல்லாமல் வாங்குபவர் தலையில் விழுகின்றன என்பதுதான் என் குறை.

இந்த ஊசி யாருக்கு எதற்காக என்பதைச் சொல்லாமல் மதிப்பீடு நிறைவு பெறாது. எனக்கு இருப்பது ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். மருத்துவமனையில் எல்லோரும் ஏ.பி.எஸ். என்றே சொல்கிறார்கள். லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் 1983இல் இதைத் தனி நோயாக விவரித்ததால், சில நூல்களில் ஹியூஸ் நோய் என்றும் வரும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பான்கள், செல்களின் மேற்பரப்பில் உள்ள பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்போடு ஒட்டியிருக்கும் சில புரதங்களைப் பகையென்று எடுத்துக்கொள்கின்றன. இதனால் காலின் ரத்தக்குழாயில், நுரையீரலில், மூளையில் ரத்தம் கட்டலாம். கர்ப்பிணிக்கு இதோடு வேறு ஆபத்துகளும் சேர்கின்றன: தொடர் கருச்சிதைவு, பத்து வாரத்துக்குப் பிறகு நல்ல உருவத்தோடு வளர்ந்துகொண்டிருந்த கருவின் இதயம் காரணம் தெரியாமல் நிற்பது, கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் கடுமையாக ஏறுவது, கரு போதிய எடை கூடாமல் போவது, 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்த்தாக வேண்டிய நிலை.

எனக்கு 2018இல் எட்டாம் வாரத்தில் ஒரு கர்ப்பம் கலைந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் கரு தங்காமல் போவது சகஜம் என்றார்கள், அது உண்மையும்கூட. 2019 நவம்பரில் இருபத்தொன்றாம் வாரத்தில் ஸ்கேன் எடுத்தவர் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே போய் இன்னொருவரை அழைத்து வந்தார். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை. இதில் சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த வழக்கமான ரத்தப் பரிசோதனைகளில் வி.டி.ஆர்.எல். மட்டும் நேர்மறையாக வந்தது. அது மேகநோய் எனப்படும் சிபிலிஸுக்கான பரிசோதனை. கணவருக்கும் எடுத்தார்கள், அவருக்கு இல்லை. எனக்கு மறுபரிசோதனையில் அந்த நோய் இல்லை என்று உறுதியான பின்பும், இடையில் கழிந்த ஆறு நாட்களில் வீட்டில் நிலவிய மௌனம் எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பரிசோதனையில் பயன்படுவது மாட்டின் இதயத்திலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட கார்டியோலிபின் என்ற கொழுப்பு. அதுவும் ஒரு பாஸ்போலிப்பிட்தான். ஏ.பி.எஸ். உள்ளவரின் எதிர்ப்பான்கள் அதைப் பிடித்துக்கொள்வதால் இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும். இது மருத்துவப் பாடநூல்களில் நெடுங்காலமாக இருக்கும் செய்தி. பொய்யான நேர்மறை என்று முடித்துத் தாளை மடித்து வைத்தவர்கள், ஏன் பொய்யாக வந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், எனக்கு ஊசி இரண்டு ஆண்டு முன்னதாகவே கிடைத்திருக்கும்.

ஏ.பி.எஸ். உண்டா என்று பார்க்க மூன்று ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்-1 எதிர்ப்பான். ஒருமுறை வந்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் வர வேண்டும், ஏனெனில் ஏதாவது காய்ச்சல் வந்தாலே இவை தற்காலிகமாகத் தலைகாட்டி மறைவதுண்டு. எனக்கு முதல் பரிசோதனை 2020 ஜனவரியில். இரண்டாவது ஏப்ரலில் எடுத்திருக்க வேண்டும், ஊரடங்கால் ஜூனில்தான் எடுக்க முடிந்தது. இரண்டு முறையும் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் நேர்மறை, ஆன்டிகார்டியோலிபின் அளவும் உயர்வு.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற பெயர் இரண்டு விதத்தில் தவறான பெயர். லூபஸ் என்பது எதிர்ப்பான்கள் சொந்த உடலையே தாக்கும் வேறொரு நோய்; இது அந்த நோய் இல்லாதவர்களுக்கும் வரும். எனக்கு லூபஸ் இல்லை. ஆன்டிகோயாகுலன்ட் என்றால் உறைவதைத் தடுப்பது. இதுவோ உடலுக்குள் உறையவைப்பது. பரிசோதனைக் குழாயில் ரத்தம் உறைவதற்குப் பாஸ்போலிப்பிட் தேவைப்படுகிறது. எதிர்ப்பான்கள் அதைக் கைப்பற்றிக்கொள்வதால் குழாயில் உறைய நேரம் அதிகமாகிறது. அதைப் பார்த்து ஆய்வகத்தில் ஒருவர் என்னிடம், "உங்களுக்கு ரத்தம் சீக்கிரம் உறையாதும்மா, அடிபடாம பாத்துக்கங்க" என்று அக்கறையோடு சொன்னார். உண்மை நேர்எதிரானது. இந்தச் சோதனையை எனாக்சபாரின் போன்ற ஹெப்பரின் வகை ஊசி தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால் விடை குழம்பக்கூடும்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வருகிறேன். எனாக்சபாரின், ஹெப்பரின் என்ற பழைய மருந்தின் சிறு துண்டு. ஹெப்பரினை 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் கண்டதாகச் சொல்வார்கள். அதன் நீண்ட சங்கிலிகளை உடைத்துச் சிறிதாக்கினால் குறைந்த மூலக்கூறு எடை கொண்ட ஹெப்பரின் கிடைக்கிறது. எனாக்சபாரின் அந்த வகை. பழைய ஹெப்பரினைப் போல நாளுக்கு இரண்டு மூன்று தடவை போட வேண்டியதில்லை. எலும்பு தேய்வதும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் திடீரெனச் சரிவதும் இதில் குறைவு. கர்ப்பிணிக்கு முக்கியமான பண்பு ஒன்று உண்டு: இது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை. ரத்தம் கட்டுபவர்கள் வழக்கமாக விழுங்கும் வார்ஃபரின், அசெனோகுமரால் மாத்திரைகள் தாண்டும். குறிப்பாக ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கருவின் உருவத்தையே கெடுக்கும். எனவே முன்பே ரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்கள் கர்ப்பம் உறுதியானவுடன் மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாற வேண்டும். அவர்களுக்கு அளவும் அதிகம், எடைக்கேற்ப நாளுக்கு இரண்டு ஊசிகூட வரும். எனக்கு ரத்தம் கட்டிய வரலாறு இல்லை, கர்ப்ப இழப்பு மட்டுமே. அதனால் 40 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, கூடவே 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை. ஆஸ்பிரினைக் கருத்தரிக்க முயலும்போதே தொடங்கிவிட்டேன்.

இந்த மருந்து பன்றியின் குடல் சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. பெட்டியின் மேல் இதைப் பெரிதாகப் போட மாட்டார்கள். காத்திருப்பு அறையில் என் பக்கத்து இருக்கையில் இருந்த இஸ்லாமியப் பெண், இரண்டாம் மாதத்தில் இதை வேறு எங்கோ படித்துவிட்டு நான்கு நாள் ஊசி போடாமல் இருந்தார். பிறகு அவர் தந்தை பள்ளிவாசலில் கேட்டு, உயிர் காக்கும் மருந்துக்கு மாற்று இல்லாதபோது தடையில்லை என்ற விடையோடு வந்தார். அந்த நான்கு நாளை, முதல் சீட்டு எழுதும்போதே இரண்டு நிமிடம் பேசித் தவிர்த்திருக்கலாம்.

பயன் உண்டா? இந்தக் கேள்விக்கு எல்லோரும் முதலில் எடுத்துக்காட்டுவது லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் நடந்து 1997இல் வெளியான ஆய்வு. தொடர் கருச்சிதைவும் இந்த எதிர்ப்பான்களும் உள்ள 90 பெண்களில் பாதிப்பேருக்கு ஆஸ்பிரின் மட்டும், மறுபாதிக்கு ஆஸ்பிரினோடு ஹெப்பரின். ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 விழுக்காட்டினரும், இரண்டும் எடுத்தவர்களில் 71 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தை பெற்றார்கள். இதைக் கேட்டால் யாரும் கடைக்கு ஓடுவார்கள். ஆனால் அந்த ஆய்வில் போட்டது பழைய ஹெப்பரின், நாளுக்கு இரண்டு வேளை. என் கையில் இருந்த எனாக்சபாரின் அல்ல. குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பரினை வைத்து லிவர்பூலில் 98 பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 72 விழுக்காடு, இரண்டும் எடுத்தவர்களில் 78 விழுக்காடு. வேறுபாடு என்று சொல்லும்படி இல்லை. இரண்டு ஆய்வுகளிலும் பெண்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்ல, எதிர்ப்பான் அளவும் வேறு, சேர்த்துக்கொண்ட வாரமும் வேறு. இன்று உலகெங்கும் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். என் மருத்துவர் இந்த இரண்டு ஆய்வுகளையும் மறைக்காமல் சொன்னார். "பத்துப் பேருக்குக் கொடுத்தா ஏழெட்டுப் பேர் குழந்தையோட வீட்டுக்குப் போறாங்கம்மா, மீதிப் பேருக்கு நாங்க பதில் தேடிக்கிட்டிருக்கோம்" என்றார். அந்தப் பதிலுக்காகவே நான் அவரிடம் தொடர்ந்தேன்.

அவர் சொன்ன இன்னொரு செய்தி என்னை அதிகம் அச்சுறுத்தியது. அமெரிக்காவில் லூபஸ் உள்ள பெண்களையும் இந்த எதிர்ப்பான்கள் உள்ள பெண்களையும் கர்ப்பம் முழுவதும் தொடர்ந்து பார்த்த பிராமிஸ் என்ற ஆய்வில், எதிர்ப்பான் உள்ளவர்களில் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்டும் இருந்தவர்களுள் 39 விழுக்காட்டினருக்குப் பன்னிரண்டு வாரத்துக்குப் பின் ஏதேனும் கெட்ட முடிவு ஏற்பட்டது; அது இல்லாதவர்களுள் 3 விழுக்காட்டினருக்கே ஏற்பட்டது. 2012இல் வெளிவந்த கணக்கு இது. அதாவது ஏ.பி.எஸ். என்ற ஒரே பெயரைத் தாங்கிய இருவரின் ஆபத்து ஒன்றல்ல. ஆன்டிகார்டியோலிபின் மட்டும் சிறிதளவு உயர்ந்த ஒருவர் என் கதையைப் படித்துப் பயப்படத் தேவையில்லை. மூன்றும் நேர்மறையாக உள்ளவர் என் கதையைப் படித்து நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. உங்கள் பரிசோதனைத் தாளில் மூன்றில் எது வந்திருக்கிறது, எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு வந்திருந்தது அந்த மோசமான ஒன்று.

நஞ்சுக்கொடியில் ரத்தம் கட்டுவதைத் தடுப்பதால் ஊசி உதவுகிறது என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கதை அவ்வளவு எளிதல்ல. எதிர்ப்பான்கள் நஞ்சுக்கொடியின் செல்களையே நேரடியாகத் தாக்கி, காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டத்தைத் தூண்டிவிட்டு அழற்சியை உண்டாக்குகின்றன. 2004இல் எலிகளிடம் செய்து காட்டிய ஆய்வு ஒன்றில், ஹெப்பரின் அந்தத் தூண்டலை அடக்கியதால் கரு பிழைத்தது. ரத்தம் உறைவதை மட்டும் தடுக்கும் வேறு மருந்துகள் அப்படிக் காக்கவில்லை. அதனால்தான், "ஊசிக்குப் பதிலாகப் புதிதாக வந்திருக்கும் மாத்திரை ஏதாவது போட்டால் என்ன" என்று உறவினர் கேட்டபோது நான் தலையாட்டவில்லை. அந்தப் புதிய மாத்திரைகள் கர்ப்பகாலத்துக்கு ஏற்றவையும் அல்ல. மூன்று எதிர்ப்பானும் உள்ள நோயாளிகளிடம், அவற்றில் ஒன்றான ரிவரோக்சபானை வார்ஃபரினோடு ஒப்பிட்ட இத்தாலிய ஆய்வை, ரிவரோக்சபான் எடுத்தவர்களுக்கு அதிகம் ரத்தம் கட்டியதால் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது.

இனி சிரிஞ்சைப் பற்றி. அளவு 0.4 மில்லிலிட்டர். மெல்லிய ஊசி, நீளம் ஏறத்தாழ அரை அங்குலம். மருந்துக்கு மேல் ஒரு காற்றுக் குமிழி தெரியும். வாழ்நாள் முழுக்க, ஊசி போடுமுன் செவிலியர் சிரிஞ்சைத் தட்டிக் காற்றை வெளியேற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, முதல் எண்ணமே அதை வெளியே தள்ளுவது. தள்ளக் கூடாது. அந்தக் குமிழி, கடைசித் துளி மருந்தையும் உள்ளே அனுப்புவதற்கும், ஊசியை எடுக்கும்போது மருந்து தோலுக்கு மேலே கசியாமல் இருப்பதற்கும் வைக்கப்பட்டிருக்கிறது. நான் முதல் ஐந்து நாள் ஒவ்வொரு முறையும் கவனமாக அதை வெளியேற்றி, கூடவே ஒன்றிரண்டு துளி மருந்தையும் வாஷ்பேசினில் சிந்தினேன். பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாள் ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில், எட்டாக மடிக்கப்பட்டு இருந்தது. அதன் பெரும்பகுதி மருத்துவருக்கானது. போட்டுக்கொள்பவருக்கு வேண்டிய ஆறு வரியைப் படத்தோடு தமிழில் அச்சிட்டால் எத்தனை பைசா கூடும் என்று தெரியவில்லை. ஆறாம் நாள் ஒரு செவிலியர் என் கையைப் பிடித்துக் காட்டித் தந்தார்.

அவர் காட்டிய முறையை அப்படியே எழுதுகிறேன், ஏனெனில் தாளில் இருந்து இதைப் பிரித்தெடுப்பது கடினம். சாய்ந்து உட்கார்ந்து அல்லது படுத்துக்கொண்டு, தொப்புளிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலம் தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில் தோலை விரல்களால் மடிப்பாகப் பிடிக்க வேண்டும். ஊசியைச் சாய்க்காமல் நேராக, முழு நீளமும் இறங்கும்படி செலுத்தி, மெதுவாகத் தள்ளி, முழுவதும் இறங்கும்வரை மடிப்பை விடாமல் வைத்திருந்து, பிறகு நேராகவே எடுக்க வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. இன்று இடப்பக்கம் என்றால் நாளை வலப்பக்கம். ஊசி குத்துவது வலிக்காது. மருந்து இறங்கிய பின் அரை நிமிடம் எரியும், மிளகாய் நறுக்கிய விரலைப் போல. இடத்தை ஒழுங்காக மாற்றினாலும் கன்றிப்போவதைத் தவிர்க்க முடியவில்லை. ஐந்தாம் மாதத்தில் என் வயிறு நாவற்பழம் நசுங்கிய துணி மாதிரி இருந்தது. ஏழாம் மாதத்துக்குப் பிறகு வயிற்றில் தோலைப் பிடிக்க முடியாமல் இறுகிவிட்டதால், மருத்துவரைக் கேட்டுத் தொடைக்கு மாறினேன்.

நான் இரண்டு நிறுவனங்களின் சிரிஞ்சுகளைப் பயன்படுத்தினேன். ஒன்றில், மருந்து முழுவதும் இறங்கியபின் அழுத்தினால் ஒரு பிளாஸ்டிக் உறை தானாக ஊசியை மூடிக்கொள்ளும். மற்றொன்றில் அது இல்லை, விலை சற்றுக் குறைவு. மருந்தின் செயலில் நான் எந்த வேறுபாட்டையும் உணரவில்லை. வீட்டில் சிறு குழந்தைகள் ஓடித் திரிந்தால், கூடுதல் பணம் கொடுத்து மூடும் வகையையே வாங்கச் சொல்வேன்.

விலை பெரும் சுமை. நான் கொடுத்தது சிரிஞ்சுக்குச் சராசரியாக 350 ரூபாய் ஆகிறது. பில்களைக் கூட்டினால் மொத்தம் 90,000 ரூபாய்க்கு அருகில். எனாக்சபாரின் இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருப்பதால் அதற்கு விலை உச்சவரம்பு உண்டு, அப்படியிருந்தும் இந்தத் தொகை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஏழைக் கர்ப்பிணிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் உதவி கிடைக்கிறது. நல்ல திட்டம்தான், ஆனால் என் கணக்கில் அது ஐம்பத்தொரு நாள் ஊசிக்கு வரும்.

2021 மே மாதம் வேறு சோதனை வந்தது. கொரோனா இரண்டாம் அலையில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு ரத்தம் கட்டாமல் இருக்க இதே ஊசியைப் போட்டார்கள். திருச்சியில் கடை கடையாக ஏறினோம், இருப்பு இல்லை. எனக்கு அப்போது பதின்மூன்றாம் வாரம். கணவர் ஒரு நாள் தஞ்சாவூர் வரை போய் எட்டு சிரிஞ்சு வாங்கி வந்தார். கடைக்காரர் அதற்குமேல் ஒருவருக்குத் தர மறுத்தது நியாயமே. வேறொரு கடையில் எங்களுக்குக் கொடுத்த பெட்டிகள் வெயில் விழும் கண்ணாடிப் பக்கம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பெட்டியின் மேல் 25 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம் என்று இருக்கிறது. திருச்சியின் மே மாதத்தில் வீட்டுக்குள்ளேயே அது நடக்காத காரியம். அந்தக் கடையிலிருந்து பிறகு வாங்கவில்லை. உறைந்துபோகவும் கூடாது என்பதால், மருந்தாளுநரைக் கேட்டு, குளிர்பெட்டியில் பனி பிடிக்காத கீழ்த்தட்டில் காய்கறியோடு வைத்தோம். போடுவதற்கு அரை மணி முன்பு வெளியே எடுத்துவிட்டால் எரிச்சல் குறைகிறது. அந்த ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில், ஹெப்பரின் போன்ற மருந்துகளுக்கான வரியை 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைத்து, முதலில் செப்டம்பர் முடியவும், பிறகு நீட்டித்து டிசம்பர் முடியவும் வைத்திருந்தது. கொரோனாவுக்காகச் செய்த சலுகையில் எங்களுக்கும் கடைசி ஊசிவரை நிழல் கிடைத்தது.

போட்டு முடித்த சிரிஞ்சை என்ன செய்வது? அப்போது நடப்பில் இருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளில் வீட்டில் பயன்படுத்திய ஊசியும் சிரிஞ்சும் அபாயமான வீட்டுக் கழிவாகத் தனியே சேர்க்கப்பட வேண்டியவையாக இருந்தன. எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் அம்மாவிடம் தனித் தொட்டி எதுவும் இல்லை. கையுறையே சில நாள் இருப்பதில்லை. அவர் கையில் என் ஊசி ஏறக் கூடாது என்பதால், தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் மூடியில் துளையிட்டு அதில் போட்டு, நிரம்பியதும் மருத்துவமனை ஆய்வகத்தில் கொடுத்தோம். முதல் முறை வாங்க மறுத்தார்கள், மருத்துவர் சொன்னபின் வாங்கினார்கள். 250 ஊசி விற்பவர்கள் கூடவே இரண்டு டப்பா தரலாம்.

ஊசியோடு சேர்ந்த கண்காணிப்பு இல்லையென்றால் ஊசிக்கு மட்டும் நான் இந்த மதிப்பெண் தர மாட்டேன். தொடக்கத்தில் தட்டணுக்களை எண்ணிப் பார்த்தார்கள். ஹெப்பரினால் அவை குறையலாம், ஏ.பி.எஸ்.ஸே அவற்றைக் குறைக்கவும் செய்யும். எலும்புக்காகக் கால்சியம். ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும். இருபத்துமூன்றாம் வாரத்தில் கருப்பைத் தமனியின் டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தடைப்படுவதாகத் தெரிந்தது. அதிலிருந்து வளர்ச்சி ஸ்கேன் அடிக்கடி. முப்பத்திரண்டாம் வாரத்திலிருந்து குழந்தையின் எடை ஏறும் வேகம் குறைந்தது. அதாவது 200 ஊசியும் ஆஸ்பிரினும் போட்டபின்னும் நோய் தன் வேலையைக் கொஞ்சம் செய்தே தீர்ந்தது. ஊசி கேடயம்தான், ஆனால் ஓட்டையில்லாத கேடயம் அல்ல என்பதை வாங்குபவர்கள் அறிந்திருப்பது நல்லது.

அக்டோபர் 27ஆம் தேதி, முப்பத்தாறு வாரம் முடிந்த அன்று காலை, தொப்புள்கொடியின் டாப்ளரைப் பார்த்துவிட்டு இனியும் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். மயக்க மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, கடைசி ஊசி எத்தனை மணிக்கு என்பது. முதுகுத்தண்டில் மரப்பு ஊசி போட, இந்த அளவுக்குக் குறைந்தது 12 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும்; பெரிய அளவில் போடுபவர்களுக்கு 24 மணி நேரம். இல்லையென்றால் தண்டுவடத்தருகே ரத்தம் கசிந்து தேங்கும் ஆபத்து. நான் தினமும் இரவு எட்டு மணிக்கு நாட்காட்டியில் குறித்து வைத்த பழக்கம் அன்று பயன்பட்டது: பதினைந்து மணி நேரம் ஆகியிருந்தது, முழு மயக்கம் தேவைப்படவில்லை. ஊசி போட்ட நேரத்தை எழுதி வைப்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அத்தை பால் கணக்கு எழுதும் நாட்காட்டியில் இடம் இருந்ததால் எழுதினேன். மகள் 2.1 கிலோ. நான்கு நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தாள், மூச்சுக்கு உதவி தேவைப்படவில்லை.

குழந்தை பிறந்ததும் ஊசிக்கு விடுதலை என்று நினைத்திருந்தேன். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில்தான் ரத்தம் கட்டும் ஆபத்து மிக அதிகம் என்பதால் மறுநாள் காலையிலிருந்து ஆறு வாரம் மறுபடியும் போட வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதற்கு இது தடையல்ல, வார்ஃபரினும் தடையல்ல. தையலும் பால்கட்டும் இரவு விழிப்புமாக இருக்கும்போது இந்த 42 ஊசிதான் முந்தைய 209 ஊசியைவிடக் கடினமாக இருந்தன. "புள்ள நல்லபடியா பொறந்தாச்சே, இன்னும் எதுக்கும்மா குத்திக்கிற" என்று அம்மா ஒவ்வொரு இரவும் கேட்டார். பலரும் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள் என்று செவிலியர் சொன்னார். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எனக்கு வாழ்நாள் முழுக்கக் கூடாது என்பதையும் வீட்டுக்கு அனுப்பும்போது எழுதித் தந்தார்கள்.

மதிப்பெண் கேட்டால் மருந்துக்கு ஐந்தில் நான்கு, சிரிஞ்சின் அமைப்புக்கு நான்கு, விளக்கத் தாளுக்கு ஒன்று, விலைக்கு இரண்டு. மிஞ்சிய கடைசிப் பெட்டியைப் பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். குளிரில் வைத்திருந்தேனா என்பதை அவர்களால் உறுதி செய்ய முடியாது என்று வாங்க மறுத்தார்கள். வெயிலில் அடுக்கி வைத்த கடையை நினைத்துச் சிரிப்பு வந்தாலும், இந்தக் கடைக்காரர் சொன்னது சரி. 2023இல் காலாவதியாகும்வரை அந்த இரண்டு சிரிஞ்சும் கத்தரிக்காய்க்கும் கொத்தமல்லிக்கும் நடுவே கிடந்தன. பிறகு அத்தைதான் அவற்றை டப்பாவில் போட்டு ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வந்தார், இந்த முறை அவர்கள் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்களாம்.